மூவாயிரம் எழுத்துக்கு அப்பால்

தணிகாசலத்தோடு சண்டை போடுவதற்கென்றே அமிர்தவல்லி அன்று பாண்டிச்சேரியின் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினாள். பத்திரம் எழுதும் அலுவலகம் வைத்திருந்த அந்த மனிதர், அவள் வேலை செய்த கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன மாதம் போன் போட்டு ஒரு புகார் சொல்லியிருந்தார். "உங்க பெட்டி கவுளி மாதிரி கத்துது. கிரயம் எழுத வந்த ஆளு சகுனம் சரியில்லன்னு எழுந்து போயிட்டான். சத்தத்த எடுங்க, இல்லன்னா பெட்டிய எடுங்க."

அது எண்பத்தாறாம் வருஷம். பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேரிலும் ஒருவர் அதற்குள் பல்லியைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதை அமிர்தவல்லியால் தாங்க முடியவில்லை. அந்தச் சத்தத்தை வைத்தவளே அவள்தான். தமிழில் அடிக்க, திருத்த, அச்செடுக்க உதவும் 'ஏடு' என்ற புரோகிராமை ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஒரு பத்தி அளவுக்கு மீறி நீண்டால் அது 'கீக்' என்று ஒலி கொடுத்து, இதற்கு மேல் இடமில்லை என்று சொல்லும். அதற்கும் கிரயம் வாங்குகிறவனின் தலைவிதிக்கும் என்ன உறவு?

அவளுடைய அப்பா ராமலிங்கம் பஞ்சாலைத் தொழிலாளி. வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். ஆலை மூடிக் கிடந்த மாதங்களிலும் பெண்களின் படிப்பை நிறுத்தாதவர். ஆலைக் குடியிருப்பின் ஒற்றை அறையில், துண்டறிக்கைகளையும் பகுத்தறிவுப் பத்திரிகைகளையும் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவள் அமிர்தவல்லி. கணிதத்தில் பட்டம் வாங்கி, சென்னையில் கம்ப்யூட்டர் படித்துத் திரும்பி வந்தபோது, 'பொம்பளப் புள்ளைக்கு பேங்கு வேல போதாதா' என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தாள்.

தணிகாசலத்தின் அலுவலகம் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. படியேறி உள்ளே நுழைந்தவளை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள். குருசுக்குப்பத்து மீன்காரி சின்னப்பாப்பா. ஆலைக் குடியிருப்பில் வீடு வீடாக மீன் கொடுப்பவள். ஐம்பதைத் தாண்டியும் கூடையை ஒரே மூச்சில் தூக்கித் தலையில் வைக்கிறவள்.

"யாரு, மில்லு ராமலிங்கம் பொண்ணா? நீ எங்கம்மா இங்க? ஊடு கீடு வாங்கறியா?"

"நான் எங்க ஊடு வாங்கறது. மிஷின் பாக்க வந்தேன். நீங்க இன்னா, கூடைய வுட்டுட்டு ஆபீசுல ஒக்காந்துகினு?"

"எழுதிக் குடுக்கறேன்." பக்கத்தில் சலவைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தவனைக் கண்ணால் காட்டினாள். "எங்க அண்ணன் மவன், அரிகிருஷ்ணன். ஊட்ட இவன் பேருக்கு எழுதறேன். எனக்குப் புள்ளயா குட்டியா. ஆனா நான் சாவற மட்டும் அந்த ஊட்டுலதான் இருப்பேன், வெளிய போன்னு எவனும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே எழுதச் சொல்லிட்டேன். அதுக்கு ஒத்துகினதாலதான் வந்தேன்."

"அதெல்லாம் எழுதியாச்சு அத்த" என்றான் அரிகிருஷ்ணன். "நான் படிச்சுட்டேன். பன்னெண்டு அடிச்சா ரிஜிஸ்டர் ஆபீசு. நீ ரேகை வச்சா போதும்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டுக்கு முடிகிறது. அச்சடித்த பத்திரம் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குண்டுக்கு அடியில் காத்திருந்தது. பதிவு ஆகிவிட்டால் அந்த வீடு சின்னப்பாப்பாவின் வீடு இல்லை. அந்த ஒரு நிபந்தனைதான் அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்கும் சுவர்.

தணிகாசலம் உள்ளறையிலிருந்து வந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேரிடம் எழுத்தராக இருந்தவர். பத்திரம் எழுதிச் சாட்சியம் தரும் அதிகாரிக்கு அந்நாளில் அதுதான் பெயர். எந்தக் காகிதத்தையும் இரண்டு விரலால் மட்டும் எடுக்கும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை.

"வாம்மா. நீ வர்றதுக்குள்ள நானே வழி பண்ணிட்டேன். மைக்செட்காரன கூப்பிட்டு ஒயர கட் பண்ணச் சொன்னேன். மூணு வாரமா நிம்மதி."

"ஐயா, அது கவுளி இல்ல. பத்தி நெறஞ்சு போச்சுன்னு மிஷின் சொல்ற சத்தம். பஸ்ஸு ஆரன் அடிச்சா கூட சகுனம் பாப்பீங்களா?"

"எனக்கு அவ்வளவா நம்பிக்க இல்லம்மா. பார்ட்டிக்கு இருக்கே. உன் கொள்கைக்காக நான் கடைய மூடணுமா?"

"கொள்கைக்காக இல்ல. சத்தத்துக்குப் பயந்து ஓடறவங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்க. நீங்களே ஒயர அறுத்துட்டா…"

பேசிக்கொண்டிருந்தவளின் பார்வை சன்னலோரம் போனது. அங்கே தட்டச்சர் குஞ்சம்மாள் வேறொரு பத்திரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். தட்டச்சுப் பள்ளியில் முறையாகத் தேறியவள். கண்கள் இடப்பக்கம் இருந்த கைப்பிரதியை விட்டு நகரவில்லை. விரல்கள் தாமாக ஓடின. திரையை அவள் பார்க்கவே இல்லை. அந்தத் திரையில் மேலிருந்து கீழ்வரை ஓர் இடைவெளிகூட இல்லாமல் ஒரே பத்தி கரும்பாறை போல நின்றது.

அமிர்தவல்லிக்குச் சொல்ல வந்தது மறந்துபோனது.

அந்தக் கம்ப்யூட்டரின் நினைவகம் மிகச் சிறியது. அவள் வளர்ந்த ஒற்றை அறையைப் போல. அங்கே ஒரு மூலை சமையலுக்கு, ஒரு மூலை அப்பாவின் படுக்கைக்கு, நடுவில் ஒரு புடவையைத் தொங்கவிட்டுப் பெண்கள் படிக்க. ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்க வேண்டும். 'ஏடு' புரோகிராமிலும் அப்படித்தான். அடித்து முடித்த பக்கங்களுக்கு ஒரு பங்கு, அச்சுக்குப் போகக் காத்திருப்பவற்றுக்கு ஒரு பங்கு, தவறுதலாக அழித்ததைத் திரும்ப எடுப்பதற்கு ஒரு பங்கு, இப்போது அடித்துக்கொண்டிருக்கும் பத்திக்கு ஒரு பங்கு.

எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்ய அவள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். முதலாளி ராஜாங்கம், 'எல்லையே இல்லைன்னு விளம்பரம் போட்டுடலாம்மா' என்றபோது, 'சொவரே இல்லாத ஊடு ஏது சார், சொவரு எங்க இருக்குன்னு சொல்லிட்டா மோதிக்க மாட்டாங்க' என்று மறுத்தாள். வீட்டில் இருந்த புத்தகங்கள், நாளிதழ்கள், அப்பாவின் துண்டறிக்கைகள், அலுவலகக் கடிதங்கள் எல்லாவற்றையும் பரப்பிப் போட்டு, பத்தி எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்த்தாள். எல்லாம் சின்னச் சின்னப் பத்திகள். அதிக நீளமானதை இரண்டு மடங்காக்கி மூவாயிரம் எழுத்து என்று வைத்தாள். தாராளம் என்று நினைத்தாள். அழித்ததைத் திரும்ப எடுக்கும் வசதிக்கு இன்னும் தாராளமாக அள்ளிக் கொடுத்தாள். தவறைத் திருத்திக்கொள்ள மனிதனுக்கு எத்தனை வாய்ப்புக் கொடுத்தாலும் தகும் என்பது அவள் எண்ணம்.

தான் படிப்பதை வைத்துத்தான் அவள் அளந்திருக்கிறாள். 'மேற்படி', 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று நீண்டுபோகும் பத்திரத் தமிழ் அவளுக்கு எரிச்சல். அதை ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. வீடு வாங்கியிராத குடும்பத்தில் பத்திரம் எங்கே இருக்கும்?

"குஞ்சம்மா, பத்தியே பிரிக்க மாட்டியா நீ?"

குஞ்சம்மாள் நிமிர்வதற்குள் தணிகாசலம் பெருமையாகப் பதில் சொன்னார். "எங்க நொத்தேர் கத்துக்குடுத்த வழக்கம். சட்டமே அப்படித்தான் இருந்துது. ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம். நடுவுல எடம் வுட்டா எவனாவது ஒரு வரிய சொருகிடுவான். வரி பாதியில நின்னா மிச்சத்துக்குக் கோடு போட்டு அடைச்சுடணும். ஏமாளி ஏமாறக் கூடாதுன்னுதான்."

அவர் சொன்னது நியாயம் என்று பட்டபோதுதான் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கியது. மூவாயிரம் எழுத்து ஆனதும் புரோகிராம் ஒலி எழுப்பும். அதற்குப் பிறகு அழுத்தும் எழுத்தை அது வாங்காது. ஒயர் அறுந்து கிடக்கிறது, ஒலி இல்லை. குஞ்சம்மாளின் கண் திரையில் இல்லை. அவள் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவாள். ஒன்றும் பதியாது. பிறகு சொத்து விவரம் என்று புதிய பத்தி தொடங்குவாள். புதிய பத்திக்குப் புதிய இடம் உண்டு, அது ஒழுங்காகப் பதியும். கடைசிப் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். நடுவில் ஒரு துண்டு காணாமல் போனது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது.

"ஐயா, நிபந்தனைங்க பத்திரத்துல எங்க வரும்?"

"கடைசியிலதான். சொத்து வெவரத்துக்கு முன்னாடி. ஏன்?"

அவள் கண்ணாடிக் குண்டை நகர்த்திப் பத்திரத்தை எடுத்தாள்.

"அது பார்ட்டியோட டாக்குமெண்டும்மா" என்று தணிகாசலம் கை நீட்டினார். அரிகிருஷ்ணன் எழுந்துவிட்டான். "மிஷின் பாக்க வந்தவங்களுக்கு எங்க பத்திரத்துல இன்னா வேல? மணி ஆவுது சார்."

"இருடா" என்றாள் சின்னப்பாப்பா. "நம்ம ராமலிங்கம் பொண்ணுதான். இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா ஆயிடுச்சு?"

அமிர்தவல்லி உரக்கப் படித்தாள். "'…மேற்படி வீட்டையும் மனையையும் இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, ஆனா'. அவ்வளவுதான். அடுத்த வரியில சொத்து விவரம் வந்துருச்சு."

"ஆனா?" என்றாள் சின்னப்பாப்பா.

"ஆனாவோட நிக்குது. நீங்க ஊட்டுல இருக்கலாம்ங்கறது இதுல இல்ல."

தணிகாசலம் பத்திரத்தைப் பிடுங்கிப் பார்த்தார். கைப்பிரதியை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தார். கைப்பிரதியில் நிபந்தனை முழுசாக இருந்தது. குஞ்சம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் அடிச்சேன் சார். சத்தியமா ஒரு எழுத்து வுடாம அடிச்சேன்."

"நீ அடிச்சதான். மிஷின்தான் வாங்கல" என்றாள் அமிர்தவல்லி. தட்டச்சு எந்திரத்தில் விசையைத் தட்டினால் எழுத்து காகிதத்தில் விழுந்தே தீரும். அந்த நம்பிக்கையில்தான் குஞ்சம்மாளும் அடித்தாள், தணிகாசலமும் கைப்பிரதியைச் சரிபார்த்ததோடு விட்டுவிட்டார்.

சின்னப்பாப்பா மெல்லத் திரும்பி அண்ணன் மகனைப் பார்த்தாள். "இன்னாடா, படிச்சேன்னியே."

"சொத்து வெவரத்ததான் பாத்தேன் அத்த. அளவு சரியா இருக்கான்னு."

அது உண்மையாகவும் இருக்கலாம். வீட்டுக்கு ஆசைப்பட்டவன் வீட்டின் நீள அகலத்தைத்தான் படிப்பான். அதில் குடியிருப்பவள் அவன் கண்ணில் படவேண்டிய அவசியம் என்ன?

"அளவ பாத்தியா" என்றாள் சின்னப்பாப்பா. அரிகிருஷ்ணன் கடிகாரத்தைக் கழற்றி மறுபடி கட்டினான்.

தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வேள. ராகு காலம் காப்பாத்திடுச்சு பாத்தியாம்மா. இல்லன்னா பத்து மணிக்கே ரேகை வச்சுருக்கும்" என்றார்.

"ஒயர அறுக்காம இருந்திருந்தா காப்பாத்தவே வேணாம் ஐயா" என்றாள் அமிர்தவல்லி. உடனே குரலைத் தாழ்த்தினாள். "சத்தத்த மட்டும் நம்பி இருந்தது என் தப்பு. காது கேக்காத ஒருத்தர் அடிச்சா இன்னா ஆவும்னு நான் யோசிக்கவே இல்ல."

அடுத்து அவளுக்கு இன்னொரு பயம் பிடித்தது. இந்த மூன்று வாரத்தில் வேறு எத்தனை பேர் இப்படிப் பாதிப் பத்திரத்தோடு போயிருக்கிறார்கள்? குஞ்சம்மாளை எழுப்பிவிட்டு, காந்தத் தட்டில் சேமித்திருந்த ஒவ்வொரு பத்திரத்தையும் திரையில் வரவழைத்தாள். கிரயம், கிரயம், வாடகை ஒப்பந்தம், அடமானம். எல்லாம் சின்னவை. எதுவும் எல்லையைத் தொடவில்லை. கடைசியையும் பார்த்து முடித்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். குஞ்சம்மாள் கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"வேற எதுவும் இல்ல. இது ஒண்ணுதான் நீளம்."

"பொழச்சேன்" என்றார் தணிகாசலம். "சரி, இன்னைக்கி இத எப்படி அடிக்கறது? எல்லைய மாத்தணும்னா உனக்கு நாளாவுமே."

"ரெண்டு பத்தியா பிரிச்சு அடிக்கலாம். உங்க வழக்கத்துக்குத்தான் ஒத்து வராது."

அவர் யோசித்தார். "வரும். பிரிக்கற எடத்துல வரி முடிவு வரைக்கும் கோடு போட்டு அடைச்சுடு. ஒருத்தனும் சொருக முடியாது. புதுப் பத்திரத்தாள் என் செலவு."

குஞ்சம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். இப்போது சின்னப்பாப்பா எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"எங்கம்மா, என் சங்கதி எங்க வருது?"

"கடைசியில."

"ஏன் கடைசியில? ஊடு என்னுது. குடுக்கறவ நான். மொதல்ல நான் இருக்கற சங்கதிய போடு. அப்பறமா அவனுக்குப் போறத போடு."

தணிகாசலம் கனைத்தார். "வழக்கம் இன்னான்னா…"

"அந்த வழக்கத்துலதான் என்ன மிஷினு முழுங்குச்சு. மொதல்ல போடுங்க ஐயா."

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. தணிகாசலமும் அவளைப் பார்த்தார், கைப்பிரதியைப் பார்த்தார், பேனாவை எடுத்து அம்புக்குறி போட்டு நிபந்தனையைத் தலைப்பக்கம் தூக்கி வைத்தார்.

அச்சு ஓடி முடிந்ததும் சின்னப்பாப்பா தாளை வாங்கி அரிகிருஷ்ணனிடம் நீட்டினாள். "நீ படி. கொரல வுட்டுப் படி. எல்லாருக்கும் கேக்கணும்."

அவன் படித்தான். 'நான் என் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் தடையின்றிக் குடியிருந்து வருவேன், என்னை வெளியேற்ற உங்களுக்கோ உங்கள் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் இல்லை' என்ற இடத்தில் குரல் இறங்கியது. "சரியா கேக்கல" என்றாள் அத்தை. அவன் மறுபடி படித்தான். சொத்து விவரம்வரை அவள் அவனை விடவில்லை.

அதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டி மணி மூன்றாகிவிட்டது. தணிகாசலம் பஞ்சாங்கத்தைப் புரட்டி முகம் சுளித்தார். "எமகண்டம் ஆரம்பிச்சுடுச்சு."

"எமகண்டத்துலதான் நான் தெனம் மீன் விக்கறேன். வாங்க போவலாம்" என்று சின்னப்பாப்பா படியில் இறங்கினாள். அன்று சாயங்காலமே பத்திரம் பதிவாயிற்று.

மறுநாள் நடந்ததைக் கேட்ட ராஜாங்கம் பழைய பாட்டையே பாடினார். "அப்ப எல்லைய எடுத்துடும்மா. எவ்வளவு வேணா அடிக்கட்டும்."

"எடுக்க முடியாது சார். மெமரி தீந்துதுன்னா பத்தி மட்டும் போவாது, மொத்தமும் போயிடும். எல்லை இருக்கணும். ஆனா சரியான எடத்துல இருக்கணும்."

"எது சரியான எடம்?"

"அழிச்சத திருப்பி எடுக்கறதுக்கு அவ்வளவு எடம் வச்சேன். குஞ்சம்மா நாள் பூரா ஒரு தடவ கூட அத தொடல. அதுல முக்காவாசிய எடுத்துப் பத்திக்குக் குடுக்கறேன். அதுக்கும் மேல போச்சுன்னா, காலியா கெடக்கற எந்த எடத்தையும் பத்தி எடுத்துக்கும். எல்லைய நெருங்கறப்பவே கீழ்வரியில எவ்வளவு மிச்சம்னு காட்டும். தொட்டுடுச்சுன்னா கீழ்வரி பளிச்சுன்னு மாறும், ஒரு விசையும் வேல செய்யாது. புதுப் பத்தி கூட ஆரம்பிக்க வுடாது. 'பார்த்தேன்'னு ஒரு விசைய அழுத்துனாதான் நகரும்."

"அடிக்கறவங்க திட்டுவாங்களேம்மா."

"திட்டட்டும் சார். திட்டுனாங்கன்னா தலையத் தூக்கிப் பாத்துட்டாங்கன்னு அர்த்தம்."

இந்த முறை அளவெடுக்க அவள் வீட்டுப் புத்தகங்களைத் தொடவில்லை. நீதிமன்றத்து வாக்குமூலம், ஆலைத் தொழிலாளர்களின் கருணைத்தொகை மனு, கோயில் குத்தகை, பழைய நொத்தேர் பத்திரம் என்று ஊரில் எளிய மனிதர்கள் ரேகை வைக்கும் காகிதங்களாகத் தேடித் தேடிப் படித்தாள். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. இத்தனை நீள வாக்கியங்களை எழுதுகிறவனும் புரிந்து எழுதவில்லை, ரேகை வைக்கிறவனுக்கும் யாரும் படித்துக் காட்டவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை அவள் எல்லையைக் குறைப்பதில் காட்டவில்லை. மொழியைத் திருத்துவது வேறு சண்டை. அது முடிகிறவரை, இருக்கிற வாக்கியம் முழுசாகப் பதிய வேண்டும்.

புதிய 'ஏடு' தணிகாசலத்தின் அலுவலகத்துக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தவல்லி குருசுக்குப்பம் வழியாக நடந்து வந்தாள். மனசுக்குள் ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. தாளில் இருப்பது தாளில் இருக்கும், வீட்டுக்குள் என்ன நடக்கிறதோ.

சின்னப்பாப்பாவின் வீட்டு வாசலில் அரிகிருஷ்ணன் புது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, பூட்டைப் போட்டிருந்த மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், அந்த டப்பாவ கொற. மனுஷி தூங்கறேன். வண்டிய வாசல்ல வுடாத, கூடைய எடுத்துனு நான் எப்படிப் போவறது? அந்தாண்ட தள்ளி வையி. என் ஊட்டு வாசலு அது."

அரிகிருஷ்ணன் ரேடியோவைக் குறைத்தான். பூட்டைத் திறந்து வண்டியைத் தெருவோரத்துக்குத் தள்ளினான். அமிர்தவல்லி கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. தூங்குகிறவளை எதற்கு எழுப்புவது என்று எண்ணி, கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தாள்.